இடப்பக்கத்து மேதைக்கு ஓர் இடம்

பழனியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, தண்டாயுதபாணி சுவாமியின் மலைக்கு. மற்றொன்று, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் கொடைக்கானலுக்கு. சங்கீத உலகில் மட்டும் இந்த ஊர்ப் பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘அன்றைக்கு மிருதங்கம் பழனி’ என்று பழைய ரசிகர் ஒருவர் சொன்னால், அவர் சொல்வது பழனி சுப்பிரமணிய பிள்ளையை.

1908இல் பிறந்து 1962இல் மறைந்தவர். பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்படுபவர். ஆனால் சென்னை மியூசிக் அகாடமி வழங்கும் ‘சங்கீத கலாநிதி’ பட்டியலில் இந்த மூவரில் மணி ஐயரின் பெயர் மட்டுமே இருக்கிறது. பழனிக்கு அந்த வரிசையில் இடம் பெறும் தகுதி இல்லையா?

அவர் வாசிக்கத் தொடங்கியபோதே ஒரு சிக்கல் காத்திருந்தது. அவர் இடக்கைக்காரர். மிருதங்கத்தில் கரணை பூசிய வலந்தலைதான் சபையைப் பார்த்திருக்க வேண்டும். அதனால் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவது வழக்கம். இடக்கையால் வலந்தலையை வாசிப்பவர் அங்கே உட்கார்ந்தால் நாதம் சபைக்கு வராமல் பின்பக்கம் போய்விடும். எனவே அவர் பாடகரின் இடப்பக்கம் வர வேண்டும். வயலின்காரர் எழுந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். மரபு கெட்டிப்பட்ட மேடையில் இது சின்ன விஷயமல்ல. அந்த நாளில் அவரை ஊக்கப்படுத்தி உடன் வாசிக்க வைத்தவர்களில் செம்பை வைத்தியநாத பாகவதர் என்ற பாடகர் முக்கியமானவர்.

பிள்ளையின் வித்தை புதுக்கோட்டை வழியில் வந்தது. தந்தை முத்தையா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையின் சீடர். தந்தையிடம் தொடங்கிய பாடம், தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் தொடர்ந்தது. கணக்கில் கெட்டியான பரம்பரை அது. ஆனால் அவரைக் கேட்டவர்கள் கணக்கைவிட நாதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி, வலந்தலையில் விழுந்த சாப்பு, சவுக்க காலக் கீர்த்தனையில் எங்கே வாசிக்க வேண்டும், எங்கே கையைக் கட்டிக்கொண்டு பாட்டைக் கேட்க வேண்டும் என்ற நிதானம் எல்லாம் சேர்ந்ததுதான் பழனி பாணி. ஆலத்தூர் சகோதரர்களின் சிக்கலான பல்லவிகளுக்கும், பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் பிருகாக்களுக்கும் அந்த ஒரே கை பொருந்தி வந்தது. மிஞ்சியிருக்கும் பழைய கச்சேரிப் பதிவுகளை இன்று கேட்டாலும் இதை உணரலாம்.

பிறகு ஏன் சங்கீத கலாநிதி வரிசையில் விடுபட்டார்? ‘பக்கவாத்தியக்காரர்தானே’ என்பது பாதி விடைதான். வயலின்காரர் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளைக்கு 1948இலும் மைசூர் சௌடையாவுக்கு 1957இலும் அந்தப் பெருமை கிடைத்தது. தாளவாத்தியத்துக்குத்தான் கதவு திறக்கவில்லை. மணி ஐயர் மூலம் முதல்முறையாக மிருதங்கத்துக்கு அது திறந்தது 1966இல். பழனி மறைந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அமெரிக்காவின் ராக் இசை உலகமும் இதே தவறைச் செய்து, பிறகு திருத்திக்கொண்டது. அங்கே ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற அமைப்பு 1986 முதல் கலைஞர்களைச் சேர்த்து வருகிறது. எந்த இசைக்குழுவுக்குத் தகுதி உண்டு, எதற்கு இல்லை என்று ரசிகர்கள் ஆண்டுதோறும் சண்டை போடுவார்கள். முதல் ஆண்டிலேயே, 1938இல் இறந்துபோன ராபர்ட் ஜான்சனை முன்னோடி என்று சேர்த்தார்கள். இடக்கையால் கிதார் வாசித்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் சேர்ந்தது 1992இல், இறந்து 22 ஆண்டுகள் கழித்து. பாடகர்களின் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கென்று 2000இல் தனிப்பிரிவே தொடங்கினார்கள். அந்த முதல் வரிசையில் ஹால் பிளெய்ன், ஏர்ல் பாமர் என்று இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள்.

‘சங்கீத கலாநிதி, மாநாட்டுக்குத் தலைமை தாங்குபவருக்குத் தரப்படுவது; மறைந்தவருக்கு எப்படித் தருவது?’ என்ற கேள்வி நியாயமானதே. அந்தப் பட்டத்தின் விதியை மாற்ற வேண்டியதில்லை. வாழ்நாளில் விடுபட்ட மேதைகளுக்கென்று ஒரு நிரந்தர நினைவு வரிசையைச் சபைகள் தொடங்கலாம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் அந்தப் பட்டம் பெறாமல் போனவர்தான். இருவரையும் முதல் ஆண்டிலேயே சேர்க்க எந்தத் தயக்கமும் தேவையில்லை.

பழனியின் தகுதிக்கு வேறு சான்று வேண்டுமென்றால், சீடர்களைப் பார்க்கலாம். நடனமேதை பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். பதின்மூன்று வயதில் ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் அரங்கேறிய திருச்சி சங்கரன், 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் அந்த வித்தையை வளர்த்தார். லலிதா ராம் எழுதிய ‘துருவ நட்சத்திரம்’ என்ற வாழ்க்கை வரலாறும் பழனியின் வாசிப்பை இன்றைய தலைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

சங்கரன் 2011இல் சங்கீத கலாநிதி ஆனார். சீடருக்குக் கிடைத்த அந்த மரியாதையை அவருடைய குருவின் பெயருக்கும் செய்யும் பொறுப்பு சென்னையின் சபைகளுக்கு இருக்கிறது. அந்தக் குரு தன் பெயரோடு சுமந்து திரிந்த பழனி என்ற ஊருக்கும் இருக்கிறது. வரும் மார்கழியில் அதைத் தொடங்கலாம்.