சாயத்தின் குட்டு உடையுது! காட்டிக் கொடுப்பது ஒரு துண்டு காகிதம்!

கலர் கலராகத் தின்பண்டம் வாங்குகிறோம். அதில் போட்ட சாயம் நல்லதா, கெட்டதா? கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் ஒரு துண்டு வடிதாள் காட்டிக் கொடுத்துவிடும்!

வேதியியல் 'லேப்'பில் மாணவர்கள் செய்து பழகும் சோதனை இது. பெயர்தான் கொஞ்சம் பெரிசு: 'குரோமடோகிராபி'. ரஷ்ய விஞ்ஞானி ஸ்வெட், 1903-ல் இலையின் நிறங்களைப் பிரித்துக் காட்டினார். இந்த முறையை வளர்த்த இங்கிலாந்தின் மார்ட்டின், சிங் இருவருக்கும் 1952-ல் நோபல் பரிசே கிடைத்தது.

செய்வது எப்படி?

வடிதாளை நீளமாக வெட்டி, அடியில் இருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். பேனாவால் போட்டால் போச்சு! மையும் கரைந்து மேலே ஏறிவிடும். கோட்டின் மேல் சாயத்தைக் கடுகளவு பொட்டாக வைத்துக் காயவிட வேண்டும்.

ஜாடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர். தாளின் நுனி மட்டும் நனைய வேண்டும். பொட்டு முங்கினால் சாயம் அங்கேயே கரைந்து போகும். ஜாடியை மூடி, ஆட்டாமல் வைக்க வேண்டும்.

திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்ணீர் ஏறும். தாளோடு ஒட்டும் சாயம் கீழே தங்கும். தண்ணீரோடு சேரும் சாயம் மேலே ஓடும். ஒரே பச்சை என்று நினைத்தது, மஞ்சளும் நீலமுமாகப் பிரிந்து நிற்பதும் உண்டு!

8 சாயம்தான்!

தண்ணீர் 10 செ.மீ., சாயம் 6 செ.மீ. ஏறினால் கணக்கு 0.6. இதற்கு 'ஆர்.எப்.' எண் என்று பெயர். தாளும் திரவமும் மாறினால் எண்ணும் மாறும். அதனால் தெரிந்த சாயத்தையும் அதே தாளில் பக்கத்திலேயே பொட்டு வைப்பார்கள்.

நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சாயங்கள் 8 தான். பண்டத்தின் சாயம் எதோடும் ஒத்துப் போகாவிட்டால் சந்தேகம்தான்!

பஞ்சு மிட்டாய்

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டது நினைவிருக்கும். அதில் இருந்தது 'ரோடமின்-பி'. துணிக்குப் போடும் சாயம்! சோதனைக்கூடத்தில்தான் அது வெளியே வந்தது.

மாணவர் சோதனை சந்தேகத்தை மட்டுமே காட்டும். 'கலப்படம்' என்று முடிவு சொல்ல வேண்டியது அரசு சோதனைக்கூடம். கடைக்காரரிடம் தாளை நீட்டிச் சண்டைக்குப் போகக் கூடாது.

ஆனாலும், இதைச் செய்து பார்த்த பிள்ளை ரோஸ் கலர் மிட்டாயைப் பார்த்ததும், "இதுல என்ன சாயம்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே இந்தப் பாடம் நடத்தலாம், சார்!