குறட்டை நிற்கும் நேரம்

குறட்டை என்றாலே நமக்குச் சிரிப்புத்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான என் அப்பாவின் குறட்டைக்கு நானும் சிரித்தவளே. அது திடீரென நிற்கும்போதுதான் ஆபத்து என்று பிறகு அறிந்தேன். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. 10 விநாடி, 20 விநாடி மூச்சே இராது. மூளை பதறி எழுப்பும். ஓரிரவில் 100 முறைகூட இப்படி நேரலாம். பிறகு பகலில் கட்டிங் மிஷின் முன்னாலேயே கண் சொக்காதா?

முன்பெல்லாம் கடும் நோய்க்குக் கழுத்தில் துளையிடுவார்கள். 1980இல் சிட்னி நகர டாக்டர் காலின் சல்லிவன், மூக்கு வழியே காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் முறையைக் கண்டார். அதுவே சிபாப் கருவி. அதில் வருவது பிராணவாயு அன்று, அறையிலுள்ள வெறும் காற்றுதான்!

முதல் வாரம் அப்பா முகமூடியைக் கழற்றி எறிந்தார். இப்போது அதில்லாமல் படுப்பதில்லை. கரண்ட் போனால் மட்டும் அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிவிட்டு, அம்மாவோ நானோ விழித்திருப்போம்.