புலம்பும் தனிமையும்

உயர்தர வகுப்பு மாணவர் எழுதும் விடைத்தாள்களிலே ஒரு தொடர் ஓயாமல் வரும். தனிமைத்துயர் என்பதே அது. குறுந்தொகைத் தலைவிக்குத் தனிமைத்துயர். அசோகவனத்துச் சீதைக்கும் தனிமைத்துயர். திருவாலங்காட்டிலே பாடிய காரைக்காலம்மையாருக்கும் தனிமைத்துயர். இப்படியே விட்டால் நல்லூர்த் தேரடியில் வீற்றிருந்த செல்லப்பா சுவாமிகளுக்கும் அத்துயரையே ஏற்றிவிடுவர். பிழை மாணவருடையது மாத்திரமன்று. பரீட்சைக்கு வேண்டிய தொடர்களைப் பொறுக்கிக் கொடுத்துப் பழக்கிய ஆசிரியராகிய எமக்கும் அதிற் பங்குண்டு. ஆகவே அத்தொடரைச் சிறிது பிரித்துப் பார்ப்பது கடமை.

தனிமையைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ஒன்று புலம்பு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்து உரியியலிலே இச்சொல்லை எடுத்து, இதற்குத் தனிமை என்று பொருள் உரைக்கின்றார். வழக்கிலே நன்கு பயின்று வெளிப்படையாய் நிற்கும் சொற்களுக்கு அவ்வியலில் அவர் பொருள் கூறுவதில்லை. பயிலாத சொற்களுக்கே கூறுவர். அக்காலத்திலேயே புலம்பு விளக்கம் வேண்டி நின்ற சொல் என்பது இதனாற் புலனாகும். இன்றோ அச்சொல் வீட்டுக்கு வீடு உண்டு. "ஏன் சும்மா புலம்புகிறாய்?" என்று கேளாத தாயும் இல்லை, கேட்கப்படாத பிள்ளையும் இல்லை. வாய்விட்டு அரற்றுதல் என்பதே இன்றைய பொருள். தனித்திருக்கும் நிலைக்குப் பெயராய் நின்ற ஒரு சொல், தனித்திருப்பவர் செய்யும் செயலுக்குப் பெயராயிற்று. பொருள் இவ்வாறு பெயர்ந்தது தற்செயல் அன்று. துணையற்றவர் வாய்திறப்பர், கேட்பார் இல்லாதபோதே பேச்சு மிகும். சங்கப் பாட்டுக்களைக் கையிலெடுத்தவர்க்கு இது தெரியும்.

அத்தலைவியர் யாரோடு பேசுகின்றனர் என்று பாருங்கள். தோழி உடனிருக்குங்கால் தோழியோடு பேசுவர். அவள் இல்லாதபோது நெஞ்சோடும், அன்றிலோடும், கடலோடும், நிலவோடும் பேசுவர். பதுமனாருடைய குறுந்தொகைத் தலைவி நடு இரவிலே விழித்திருக்கின்றாள். ஊர் உறங்கிவிட்டது, உலகமே உறங்கிவிட்டது, தான் ஒருத்தியே உறக்கமற்றவள் என்று கணக்கெடுக்கின்றாள். ஔவையாருடைய தலைவிக்கோ அவ்வமைதி பொறுக்கவில்லை. தன் நோயை அறியாமல் உறங்கும் ஊரை ஏதேனும் ஒரு சாக்கிட்டு முட்டி மோதிக் கூச்சலிட்டு எழுப்பிவிடலாமா என்று துடிக்கின்றாள். கபிலர் காட்டும் தலைவியின் நிலை இவற்றிலும் இரங்கத்தக்கது. அவன் தன்னை மணந்த அன்று சாட்சி ஒருவருமில்லை. ஓடுகின்ற நீரிலே ஆரல்மீன் பார்த்து நின்ற குருகு ஒன்றுதான் உண்டு. அதன் கண் மீன்மேல் அன்றோ இருந்தது! சாட்சியாய் இருந்ததும் சாட்சி சொல்லாது.

திருக்குறளிலே 120ஆம் அதிகாரம் தனிப்படர்மிகுதி. அதனை அடுத்து வருவது நினைந்தவர் புலம்பல். 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல். இந்த வைப்புமுறையே ஒரு பாடம். தனிமை மிகுகின்றது, வாய் புலம்புகின்றது, ஈற்றிலே கேட்பதற்கு நெஞ்சு ஒன்றே எஞ்சுகின்றது. தனிப்படர்மிகுதியிலே வள்ளுவர் காவினை உவமை கூறுவர். தோளிலே வைத்து இருதலையும் பாரந் தூக்கும் தண்டு கா எனப்படும். நல்லூர்த் திருவிழாவிற் காவடி கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. இருபுறமும் பாரம் ஒத்திருந்தால் தோளுக்கு நோவில்லை. ஒருபுறம் மாத்திரம் தொங்கினாற் சிறு பாரமும் ஆளைச் சாய்த்துவிடும். காதலும் அத்தகையது என்பது அவர் கருத்து. தனிமைக்கு இதனினும் தெளிந்த விளக்கம் யான் கண்டதில்லை. ஆளின்றி இருத்தல் தனிமை அன்று. அன்பு ஒருதலையிலே மாத்திரம் தொங்க, மறுதலை வெறிதாய் இருத்தலே தனிமை.

இன்னும் ஒரு குறள் உண்டு; படர்மெலிந்திரங்கல் என்னும் அதிகாரத்தது. தலைவி இரவைப் பார்த்து இரங்குகின்றாள். எல்லா உயிர்களையும் உறங்கச் செய்துவிட்டு, பாவம், இந்த இரவு விழித்துக்கொண்டிருக்கின்றது. தன்னைத் தவிர அதற்குத் துணை யார் என்கின்றாள். துணை வேண்டி நிற்பவள் தானே துணையாகிவிட்டாள். வகுப்பிலே இக்குறளைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருப்பது என் வழக்கம். விளக்கஞ் செய்யப் புகுந்தாற் கெட்டுவிடும்.

முல்லைக்கு இருத்தலும், நெய்தலுக்கு இரங்கலும், பாலைக்குப் பிரிதலும் உரிப்பொருள் என்பது எல்லாரும் அறிந்தது. ஐந்திணையில் மூன்று தனிமையைச் சார்ந்தவை என்பதை மாத்திரம் நினைவிற் கொண்டு மேலே செல்வோம். ஈழத்துப் பூதன்றேவனார் பெயரால் வழங்கும் பாட்டுக்கள் ஏழு. அவற்றுள் குறுந்தொகையில் உள்ள ஒன்றிலே, வினைமேற் செல்லும் தலைவன் தன் தேர்ப்பாகனிடம் இன்றைக்குப் போய் நாளைக்கே மீண்டுவிட வேண்டும் என்று விரைகின்றான். ஒருநாட் பிரிவு! ஈழத்தின் பெயர் தாங்கிய புலவர் ஒருவர் பாடிய இத்தலைவனை எண்ணும்போது, ஒருநாள் என்று புறப்பட்டு முப்பது ஆண்டு மீளாதார் பலரைக் கண்ட எமது ஊர் நினைவுக்கு வருகின்றது.

சென்ற ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "இவை எல்லாம் காதலர் புலம்பல்தானே ஐயா, எங்களுக்கு என்ன?" என்று கேட்டான். நல்ல வினா. புறநானூற்றிலே பாரிமகளிர் பாடிய ஐந்தடிப் பாட்டை அவனுக்குக் காட்டினேன். சென்ற மாதத்து முழுநிலவிலே தந்தையும் இருந்தான், மலையும் இருந்தது. இந்த மாதத்து நிலவிலே இரண்டும் இல்லை. நிலவு மாத்திரம் அதே நிலவு. அங்கே காதல் இல்லை. வீடும் ஊரும் இழந்த இரு பெண்களே உளர். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தார் ஒரே இரவிலே வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்ததைத் தந்தை தாயரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். அதற்குமேல் வினவவில்லை.

சீதையின் தனிமை வேறொரு வகை. அவளைச் சூழ அரக்கியர் கூட்டம். இரவும் பகலும் காவல். ஆயினும் அவளைப்போலத் தனித்தவர் இலர். கம்பர் அவள் நெஞ்சிலே வைக்கும் நினைவுகள் பெரிய தத்துவங்கள் அல்ல. கீரைக் கறியை யார் பரிமாற இராமன் உண்பான், விருந்தினர் வந்தால் என்ன செய்வான் என்றே கவல்கின்றாள். தன் சிறையைக் காட்டிலும் அவன் இலையிலே சோறு படைப்பார் இல்லையே என்பது அவளுக்குப் பெரிதாயிற்று. காவின் மறுதலை வெறிதானபோது கை அந்தப் பக்கமே நீளும். அன்றியும், கேட்பாரில்லை என்று அவள் எண்ணிய வேளையிலே அனுமன் மறைந்திருந்து காண்கின்றான். புலம்பல் வீண்போகாது என்பதற்குக் கம்பர் இதனினும் நல்ல இடம் வைத்திருக்க முடியாது.

எல்லாரும் புலம்புவர் என்று கூறியதற்கு ஒரு விலக்கு உண்டு. அவள் கண்ணகி. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலே இளங்கோவடிகள் ஒரே மாலைப்பொழுதை இரண்டு வீடுகளில் வைத்துக் காட்டுகின்றார். ஒன்றில் மாதவி கோவலனோடு நிலாமுற்றத்தில் இருக்கின்றாள். மற்றொன்றிலே கண்ணகி. அவளுடைய துயரை அடிகள் அவள் வாய்ச்சொல்லாற் கூறவில்லை. அவள் அணியாது விட்ட அணிகளாற் கூறுகின்றார். காலிலே சிலம்பு இல்லை, கண்ணிலே மை இல்லை, நெற்றியிலே திலகம் இல்லை. பின்னர்த் தேவந்தி வந்து, கணவனை மீளப்பெறக் குண்டத்திலே நீராடலாம் என்று வழி சொல்லும்போதும், அது தன் பெருமைக்கு ஏற்றதன்று என மறுத்து அமைகின்றாள். இத்தனை ஆண்டுப் புலம்பையும் உள்ளே அடக்கிய அந்த வாய் மதுரையிலே திறந்தபோது நிகழ்ந்தது யாவரும் அறிவர். பேசாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று விட்டுவிடும் ஆசிரியர்க்கு இக்காப்பியம் ஓர் எச்சரிக்கை. இதை யான் பல ஆண்டு கழித்தே உணர்ந்தேன்.

இனி, துயரல்லாத தனிமைக்கு வருவோம். இதற்கும் எமது கடலிலேயே ஒரு கதை உண்டு. மணிமேகலா தெய்வம் மணிமேகலையை உவவனத்திலிருந்து உறக்கத்திலேயே எடுத்துச் சென்று மணிபல்லவத்திலே வைத்துவிட்டு நீங்குகின்றது. மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர். அவ்வாறு கொள்ளாதாரும் உளர். பெண் கண்விழிக்கின்றாள். முன்னே மணற்பரப்பு, அப்பாற் கடல். உவவனத்திலேயே வேறொரு மூலை போலும் என்று முதலில் எண்ணுகின்றாள். சுதமதி ஒளித்து விளையாடுகின்றாளோ என்று அவளைக் கூவி அழைக்கின்றாள். மறுமொழி இல்லை. ஓடித் தேடுகின்றாள். ஈற்றிலே வாளுக்கு இரையான தந்தை கோவலனை நினைந்து அழுகின்றாள். சாத்தனார் இக்காதைக்கு மணிபல்லவத்துத் துயருற்ற காதை என்றே பெயர் வைத்தார். இதுவரை இது புலம்பு. சங்கத் தலைவியின் தனிமைக்கு அயலதன்று.

அக்காதையின் ஈற்றிலே புத்த பீடிகை தோன்றுகின்றது. அடுத்த காதையிலே அதனைக் கண்டு தொழுத அளவில் தன் முற்பிறப்பை உணர்கின்றாள். இடம் மாறவில்லை. அதே மணல், அதே கடல், வேறு ஆளில்லை. ஆயினும் சுதமதியைத் தேடிய பெண் இப்போது அங்கில்லை. பின்னர்த் தெய்வம் வந்து மந்திரங் கொடுக்கின்றது. தீவதிலகை வழிகாட்டக் கோமுகிப் பொய்கையிலே அமுதசுரபி அவள் கையிற் சேர்கின்றது. அந்தப் பாத்திரம் பசித்தவர்க்குச் சோறிடுவது. தனித்தீவிலே பெற்றதைத் தனியே வைத்துண்ணவில்லை; புகாருக்குத் திரும்பி ஊருக்கு ஊட்டினாள். தனிமைத்துயர் என்னும் தொடரிலே துயர் கழன்று தனிமை மாத்திரம் நிற்கும் இடத்தைக் காட்டு என்று யாரேனும் கேட்டால், இந்த இரு காதைகளுக்கும் இடையிலே விரல் வைப்பேன்.

காரைக்காலம்மையார் வரலாறும் இவ்வாறே. பரமதத்தன் கடல்கடந்து போய்ப் பாண்டிநாட்டிலே வேறு மணஞ்செய்துகொண்டான் என்று சேக்கிழார் கூறுவர். ஒருதலைக் காவைச் சுமந்து நின்றவர் அம்மையார். அவன் தம் காலில் வீழ்ந்த அன்று அந்தக் காவையே இறக்கி வைத்துவிட்டார். அதன்பின் ஆலங்காட்டுப் பேய்களிடையே அவர் பாடியது புலம்பல் அன்று. யாரையும் அது தேடவில்லை. தாயுமானவர்க்கு மௌனகுரு காட்டியதும் இந்நிலையே.

நூலிலிருந்து ஊருக்கு வந்தால், 1915இலே மறைந்த செல்லப்பா சுவாமிகளை நல்லூரார் பலர் விசரர் என்றே எண்ணினர். தேரடியிலிருந்து தமக்குள்ளே ஏதோ பேசிக்கொண்டிருப்பார். போவார் வருவாரை ஏசுவார். புறத்தே பார்த்தவர்க்கு அது புலம்பல் போலவே தோன்றியிருக்கும். ஆனாற் புலம்புகின்றவர் கேட்பாரைத் தேடுவர். இவரோ தேடிவந்தவரைத் துரத்தினார். துரத்தியும் போகாது நின்றவருள் ஒருவர் கொழும்புத்துறையிலே பின்னர்ச் சிறு குடிலில் வாழ்ந்து 1964இலே சமாதியடைந்த யோகர் சுவாமிகள். தனித்திருந்த அவரைத் தேடி ஊரெல்லாம் அக்குடிலுக்குச் சென்றதைக் கண்டவர் இம்மலரைப் படிப்போரிலும் இருத்தல் கூடும்.

மேலே வினவிய மாணவன் பின்னொருநாள் ஒரு கட்டுரை கொண்டுவந்தான். அவனுடைய பாட்டியார் பெரிய நாற்சார வீட்டிலே தனியே இருப்பவர். பிள்ளைகள் நால்வரும் கனடாவிலும் இலண்டனிலும். கைத்தொலைபேசியில் அவர்கள் முகம் நாடோறும் வரும்; அவரும் சிரித்துப் பேசி வைத்துவிடுவார். ஆனால் நண்பகலிலே காகத்துக்குச் சோறு வைக்கும்போதுதான் உண்மையான பேச்சு நடக்கும். மூத்தவனுக்கு நாரியிலே நோவாம், சின்னவள் பிள்ளைக்குத் தமிழ் வராதாம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி முடியுமட்டும் கிண்ணத்துச் சோற்றை ஒரேயடியாய்க் கொட்டமாட்டாராம். சோறு முடிந்தாற் காகம் போய்விடுமே!

காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று அவனைக் கேட்டேன். விருந்து வரக் கரைந்த காகத்துக்கு நள்ளியின் காட்டு ஆயர் பசுக்களின் நெய்யும் தொண்டியின் நெற்சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும் போதாது என்று தோழி கூறும் குறுந்தொகைப் பாட்டை அவன் முன்னரே படித்திருந்தான். கட்டுரையில் ஓரிடத்திலும் தனிமைத்துயர் என்று எழுதவில்லை. முழுப்புள்ளி இட்டேன்.