எண்ணெய் போடாமல் ஓடும் எந்திரம்!

ஒரு நாளைக்கு 1 லட்சம் தடவை அடிக்கும் எந்திரம் ஒன்று உண்டு. அதற்குப் பகல் ஷிப்டும் உண்டு. இரவு ஷிப்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. எண்ணெய் போட நிறுத்தவும் முடியாது.

அந்த எந்திரம் எங்கே இருக்கிறது?

உங்கள் மார்புக்குள்ளே இருக்கிறது. அதுதான் இதயம்!

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1 லட்சத்து 800 துடிப்பு ஆகிறது. 70 வயது வாழ்ந்தவரின் இதயம் 250 கோடி தடவைக்கு மேல் துடித்திருக்கும்.

தொழிலாளிக்குத் தெரியும்

இதன் அருமை அம்பத்தூர், ஆவடி தொழிலாளிகளுக்கு நன்றாகப் புரியும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. பிழைப்புக்காக இங்கே வந்து குடியேறியவர்களில் தென்மாவட்டத்துக் கிறிஸ்தவர்களும் உண்டு.

இரும்புத் தண்டை அளவு பிசகாமல் கடைந்து எடுப்பது எவ்வளவு சிரமம் என்று லேத்தில் நிற்பவருக்குத் தெரியும். பேரிங் தேயும். பெல்ட் அறும். எண்ணெய் போட மறந்தால் எந்திரம் சூடேறி நின்றுவிடும். அப்படிப்பட்டவர் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் போதும். "இதைச் செய்தவர் எவ்வளவு பெரிய தொழிலாளி!" என்று வியந்து போவார்.

பழகினால் மறையும்

ஆனால் தினமும் பார்ப்பது பழகிவிடுகிறது. பழகியது கண்ணில் படுவதில்லை. காலை ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு உதயசூரியன் தெரிவதில்லை.

ஜெபமும் இப்படி ஆகிவிடுவது உண்டு. வேலை வேண்டும், வீடு வேண்டும், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டும் என்று பட்டியல் நீளுகிறது. கொடுத்தவரை வியக்க நேரம் இல்லாமல் போகிறது. அப்புறம் கேட்டது கிடைக்காத நாளில் பக்தியும் ஆட்டம் காண்கிறது.

நாடகத்தில் வானசாஸ்திரம்

விஞ்ஞானம் படித்தால் வியப்பு குறைந்துவிடுமா?

இல்லை என்று காட்டியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். இவர் 1774-ல் நெல்லைச் சீமையில் பிறந்தார். சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர். தரங்கம்பாடியிலும் கல்வி கற்றார். 1864-ல் காலமானார். இவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வீடுகளில் ஒலிக்கின்றன.

சுமார் 1800-ம் ஆண்டில் இவர் "பெத்லகேம் குறவஞ்சி" எழுதினார். குறத்தி குறி சொல்லும் அந்த நாடகத்துக்குள், பூமி சூரியனைச் சுற்றி வரும் வானசாஸ்திரத்தையும் வைத்தார். அறிவு வளர வளர வியப்பும் வளரும் என்பது அவர் காட்டிய வழி.

அந்த வழியில் நாமும் பார்க்கலாம். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. அம்பத்தூரில் ரெயில் புறப்படும்போது சூரியனை விட்டுக் கிளம்பிய ஒளி, அந்த ரெயில் ஆவடி போய்ச் சேருமுன் நம் ஜன்னலுக்கு வந்துவிடும்!

எந்தப் பம்பு?

பூந்தமல்லிக்கு அருகே உள்ளது செம்பரம்பாக்கம் ஏரி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று. அதன் கொள்ளளவு 364½ கோடி கன அடி.

கடல் நீர் கரிக்கும். அது ஆவியாகும்போது உப்பு கீழே தங்கிவிடுகிறது. மேலே போன நீர் மேகமாகி, மழையாக இறங்கி, ஏரியை நிரப்புகிறது. இவ்வளவு தண்ணீரையும் உப்பு நீக்கித் தூக்கி வந்தது எந்தப் பம்பு? அடுப்படியில் ஒரு செம்பு தண்ணீர் மொள்ளும் தாய்மார்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

துன்ப நாளில்?

அதே தண்ணீர் 2015 டிசம்பரில் வெள்ளமாக வந்ததே! பலர் வீட்டை இழந்தார்கள். உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. ஓயாமல் துடிக்கும் இதயமும் ஒரு நாள் நிற்கிறதே! அப்போது எப்படி வியப்பது?

நியாயமான கேள்வி. வேதாகமத்தில் யோபு என்பவர் இதைத்தான் கேட்டார். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்தவர் அவர். ஆண்டவர் அவருக்குக் காரணம் சொல்லவில்லை. நட்சத்திரங்களையும் கடலையும் காட்டு விலங்குகளையும் காட்டினார். யோபுவின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் தன்னைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் கிடைத்தது.

வீட்டிலே பழகுங்கள்

வியப்பதும் ஒரு பழக்கந்தான். அதற்குச் செலவு இல்லை.

ஜெபத்தில் கேட்பதற்கு முன் ஒன்றை வியந்து சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டின்போது, "இன்று என்ன அதிசயம் பார்த்தாய்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். எறும்பு, நிலா, முருங்கைப் பூ எதுவானாலும் சரி. பிள்ளை "ஏன்? எப்படி?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டவரின் கைவேலை என்று ஏரியைப் புகழ்ந்துவிட்டு, அதே ஏரியில் குப்பையைக் கொட்டலாமா? செய்தவரை மதிக்கிறவர் அவர் செய்த பொருளையும் பாழாக்கமாட்டார்.