18 டாலருக்கு 160 ஏக்கர்

ஐந்து வருஷம் குடியிருந்து, உழுது பயிர் வைத்தால் 160 ஏக்கருக்குப் பட்டா. கட்டணம் மொத்தமே 18 டாலர். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின் சாரம் இதுதான். அமெரிக்க அரசை எதிர்த்து ஆயுதம் எடுக்காத, 21 வயது நிரம்பிய குடிமகன் மனுப் போடலாம். குடியுரிமை கோரியிருக்கும் வந்தேறியும் போடலாம். மணமாகாத பெண்களுக்கும் விதவைகளுக்கும்கூட இடமிருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

நெப்ராஸ்கா புல்வெளிக்குப் போய் இறங்கியவர்களுக்கு வீடு கட்ட மரமில்லை. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கூரையும் மண்தான். மழை விட்ட பிறகும் அது சொட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டில் மண் உதிராமலிருக்க உட்கூரையில் துணியை இழுத்துக் கட்டினார்கள். அடுப்புக்குக் காய்ந்த காட்டெருமைச் சாணம். 1874இல் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி, பயிர் பச்சையை மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தது.

இதையெல்லாம் சமாளித்தவர்களையும் வானம் கைவிட்டது. 160 ஏக்கர் என்பது நல்ல மழை பெய்யும் கிழக்குச் சீமையின் கணக்கு. 100ஆவது தீர்க்கரேகைக்கு மேற்கே பெரும்பகுதியில் ஆண்டுக்கு 20 அங்குலம்கூடப் பெய்யாது. அங்கே மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்று நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே அறிக்கை கொடுத்தார். வாஷிங்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1909இல்தான் வறண்ட பகுதிகளுக்கு 320 ஏக்கர் என்றாக்கினார்கள். பவல் அதற்குள் காலமாகிவிட்டார்.

மோசடிக்கும் குறைவில்லை. குடியிருந்ததற்கு அத்தாட்சி அக்கம்பக்கத்தாரின் சாட்சி. சக்கரம் வைத்த குடிசையை ஒவ்வொரு நிலமாக இழுத்துப் போய், 'இங்கே வீடு இருக்கிறது' என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. கூலிக்கு ஆள் வைத்து மனுப்போட்டு நிலத்தைச் சுருட்டினார்கள் மாட்டுப் பண்ணைக்காரர்களும் மரக் கம்பெனிகளும்.

இந்த நிலமெல்லாம் அரசுக்கு எங்கிருந்து வந்தது? பூர்வகுடிகளிடமிருந்து ஒப்பந்தம் போட்டும் படையனுப்பியும் வாங்கியதுதான். அவர்களிடம் மிச்சமிருந்த கூட்டுடைமை நிலத்தையும் 1887இன் டாஸ் சட்டம் துண்டு போட்டது. உபரி என்று ஒதுக்கியதைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள்.

ஹோம்ஸ்டெட் சட்டத்தில் பட்டா பெற்றவர்கள் சுமார் 16 லட்சம் பேர். போன நிலம் 27 கோடி ஏக்கர். பூர்வகுடிகள் கையில் 1887இல் இருந்தது சுமார் 13.8 கோடி ஏக்கர். 1934இல் எஞ்சியது 4.8 கோடி.