ஆலைக்குள் ஒரு மழலையர் பள்ளி

பிரிட்டனில் ஏழைக் குழந்தைகளுக்கென மழலையர் பள்ளியை முதலில் தொடங்கியவர் ஓர் ஆலை முதலாளி. ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் நியூ லானார்க் பருத்தி நூற்பாலையை நடத்திய ராபர்ட் ஓவன், 1816 ஜனவரி 1 அன்று தொழிலாளர் குடியிருப்பின் நடுவே ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தார். தளர்நடை போடும் பிள்ளைகள்கூட அங்கே வந்தார்கள். பாட்டு, ஆட்டம், படங்கள், சுற்றிலும் கண்ணில் படும் பொருள்கள் ஆகியவையே பாடம். அடி கூடாது, அதட்டலும் கூடாது. ஆசிரியர்களாக ஓவன் தேர்ந்தெடுத்தது பட்டதாரிகளை அல்ல. ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளரையும் மாலி யங் என்ற பதினேழு வயதுப் பெண்ணையும். பத்து வயது நிரம்பாதவர்களை ஆலை வேலைக்கு எடுப்பதையும் அவர் நிறுத்தியிருந்தார்.

இதெல்லாம் எளிதில் நடந்துவிடவில்லை. பள்ளிக்குப் பணம் செலவிடுவதைப் பங்குதாரர்கள் எதிர்த்தார்கள். 1813இல் அவர்களை விலக்கிவிட்டு, தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் உள்ளிட்ட புதிய பங்குதாரர்களைச் சேர்த்த பிறகே ஓவனின் கை ஓங்கியது. பழைய பங்குதாரர்களின் கேள்வி இன்றைய இயக்குநர் குழுக்களிலும் எழுகிறது: குழந்தைக்குச் செய்யும் செலவால் நிறுவனத்துக்கு என்ன வரவு?

வரவு இரண்டு. ஒன்று உடனே கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கப்பல் கட்டிய கைசர் நிறுவனம் பெண் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகத் தளத்தின் வாசலிலேயே இரண்டு மையங்களைத் திறந்தது. ஷிப்ட் எதுவானாலும் மையம் திறந்திருக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியைகளும் செவிலியர்களும் இருந்தார்கள். வேலை முடிந்து திரும்பும் தாய் சமைத்த உணவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது வெல்டிங் தெரிந்த கைகள். அந்தக் கைகள் விடுப்பு எடுக்காமல் வரவேண்டும் என்றால் குழந்தை பத்திரமாக இருக்கவேண்டும். கணக்கு அவ்வளவுதான். போர் முடிந்ததும் மையங்களும் மூடப்பட்டன.

இரண்டாவது வரவு வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் 1962இல் தொடங்கிய பெரி பாலர் பள்ளி ஆய்வு இதற்குப் பெயர் பெற்ற சான்று. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் மூன்று, நான்கு வயதில் தினமும் இரண்டரை மணி நேர வகுப்பு நடந்தது; ஆசிரியைகள் வாரந்தோறும் வீட்டுக்கும் போனார்கள். நாற்பது வயதில் பார்த்தபோது, அந்த வகுப்பில் படித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள், அவர்களில் கைதானவர்களும் குறைவு. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் குழுவினர், அங்கே போட்ட பணம் சமூகத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு பலன் தந்ததாகக் கணக்கிட்டனர். 123 பேரை வைத்து உலகம் முழுமைக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால், பாடத்தைவிட நெடுநாள் நின்றது பொறுமை, விடாமுயற்சி, பிறரோடு ஒத்துப்போகும் பழக்கம் என்பது கவனிக்கத்தக்கது. ஆள் எடுக்கும் மேலாளர்கள் தேடி அலைவதும் இவற்றைத்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டாம் பலன் செலவழித்த நிறுவனத்தின் கல்லாவுக்கே வரும் என்ற உறுதி இல்லை. இங்கே பயின்ற குழந்தை நாளை வேறொரு நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாம். தனி முதலாளி தயங்குவதற்கு இதுவே காரணம். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் அரசின் சட்டமும் தொழில் சங்கங்களும் தேவைப்படுகின்றன.

இந்தியாவில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தோட்டத் தொழிலாளர், கட்டடத் தொழிலாளர் சட்டங்களும் அப்படியே. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கும் இதை விரிவாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்துவர அனுமதித்தது. ஆனால் இவை அனைத்தும் காப்பகத்தைப் பற்றியே பேசின, கல்வியைப் பற்றி அல்ல. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறை, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா என்ற அளவில் சட்டம் நிறைவேறிவிடுகிறது. கதை சொல்லவும் விளையாட்டில் எண்ணைப் பழக்கவும் தெரிந்த ஓர் ஆசிரியை அங்கே இருந்தால்தான் அது பள்ளி ஆகும். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிகள் சட்டம். அந்தப் பணம் பெயர் பொறித்த கட்டடத்துக்குப் போகும் வேகத்தில் ஆசிரியை சம்பளத்துக்குப் போவதில்லை.

நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். எனவே இந்தப் பொறுப்பு இங்கே கூடுதல். இருபது தையல் இயந்திரம் வைத்திருப்பவர் தனியாகப் பள்ளி நடத்த முடியாது. ஆனால் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே காப்பகத்தை நடத்தச் சட்டமே இடம் தருகிறது. தொழிற்பேட்டைச் சங்கங்கள் அதற்கு ஓர் இடத்தையும், பயிற்சி பெற்ற ஆசிரியைக்கு நியாயமான சம்பளத்தையும், ஷிப்ட் முடியும்வரை திறந்திருக்கும் நேரத்தையும் உறுதிசெய்ய முன்வர வேண்டும்.