உருட்டலாமா, உருட்டாமலே எடுக்கலாமா?

ரங்கநாதர் பள்ளிகொண்ட நம்ம பள்ளிகொண்டா பக்கம், வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்துப் பரமபதம் ஆடியிருக்கிறீர்களா? பாம்பு கடித்தாலும் அடுத்த ஏணி காப்பாற்றிவிடும்.

1974-ல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அப்படியல்ல. கதாபாத்திரமாக மாறி ஆடும் ஆட்டம் இது. லெவல் ஏறினால் உயிர்ப்புள்ளி கூடும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டு வழிகள்: பகடையை உருட்டலாம், அல்லது நிலையான எண்ணை எடுக்கலாம்.

போர்வீரருக்குப் பத்து முகப் பகடை. உருட்டினால் சராசரி 5.5, உருட்டாவிட்டால் 6. லெவல் 20-ஐத் தொட 19 முறை ஏற வேண்டும். உருட்டாதவருக்குச் சராசரியாக 9.5 புள்ளி லாபம்!

உருட்டினால் 10-ம் விழலாம். ஆனால், விழுந்த 1 கடைசிவரை கூடவே வரும். குழந்தைகளோடு ஆடினால், எல்லோருக்கும் ஒரே வழி என்று முதலிலேயே பேசிவிடுங்கள்!